செக்கா, கேஷா? ஓர் ஆங்கிலச் சொல்லின் வேரைத் தேடிப் போகும் வழி

கரூரில் வங்கி வேலை பார்த்தவர்களுக்கு 'செக்' என்ற சொல்லைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேசைவிரிப்பும் சமையலறைத் துண்டும் நெய்து கப்பலேற்றுகிற ஊர் அது. நான் கிளியரிங் பிரிவில் இருந்த காலத்தில் தறி வைத்திருந்த ஒருவர் கவுன்ட்டரில் சாய்ந்துகொண்டு கேட்பார்: "சார், அந்த செக் துணிக்கு வர வேண்டிய செக் வந்துருச்சுங்களா? கொஞ்சம் செக் பண்ணிச் சொல்லுங்க." ஒரே மூச்சில் மூன்று செக். கேட்டவருக்கும் குழப்பமில்லை, கேட்கப்பட்ட எனக்கும் குழப்பமில்லை. ஆனால் ஒரே சொல்லுக்குள் துணியும் பணமும் சரிபார்ப்பும் எப்படி வந்து உட்கார்ந்தன என்று யோசித்தால் அது லேசான கேள்வியில்லை.

ஆங்கிலத்தில் சின்னச் சொற்களுக்குத்தான் பொருள் அதிகம். பெரிய அகராதியில் செக்குக்கு மட்டும் பத்தி பத்தியாக ஓடும். அதை மனப்பாடம் செய்வது வீண் வேலை. வேரைத் தேடிப் போனால் கிளைகள் எந்தக் கணுவில் பிரிந்தன என்று தெரிந்துவிடும், மனப்பாடத்துக்கு அவசியமே இருக்காது. பணி ஓய்வுக்குப் பிறகு எனக்கு இதுதான் பொழுதுபோக்கு. எப்படிச் செய்வது என்பதை செக்கை வைத்தே சொல்கிறேன். உங்களுக்கு வேறு சொல் பிடித்திருந்தால் அதை வைத்துச் செய்து பாருங்கள்.

முதலில் நோட்டு, அப்புறம் அகராதி

அகராதியை உடனே திறக்காதீர்கள். திறந்துவிட்டால் அது சொல்லும் வரிசையில்தான் மூளை ஓடும். ஒரு நோட்டை எடுத்து, அந்தச் சொல் உங்கள் காதில் எங்கெல்லாம் விழுகிறது என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். நான் எழுதியது இப்படி இருக்கும்: செக்போஸ்ட்டில் வண்டியை மடக்கினார்கள். செக் பவுன்ஸ் ஆகிவிட்டது. செக் சட்டை போட்டவர்தான் மாப்பிள்ளை. லாட்ஜில் மதியம் 12 மணிக்கு செக்-இன். வருஷத்துக்கு ஒரு தடவை உடம்பை செக்-அப் செய்ய வேண்டும். செஸ் ஆடும்போது 'செக்!' அப்புறம் நம் பத்திரிகைத் தலைப்பு: கூட்டணிக் கட்சிக்கு 'செக்' வைத்த தலைவர்.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வாக்கியத்துக்கு எதிரிலும் செக்கை எடுத்துவிட்டு ஒரு தமிழ்ச் சொல்லைப் போடுங்கள். தடு, சரிபார், கட்டம், காசோலை. ஏழெட்டு வாக்கியம் நாலைந்து கூட்டமாகச் சுருங்கிவிடும். இனி தேட வேண்டியது, இந்தக் கூட்டங்கள் ஒன்றுக்கொன்று சொந்தமா, அல்லது ஒரே பெயர் வைத்த அந்நியர்களா என்பதைத்தான்.

எந்த அகராதி, அதில் எதைப் பார்ப்பது

மாணவர்களுக்கான அகராதிகள் இன்றைக்கு அதிகம் புழங்கும் பொருளை முதலில் போடும். படிக்க நல்லவை, இந்த வேலைக்கு உதவாது. நமக்கு வேண்டியது பழைய பொருளை முதலில் வைக்கும் அகராதி. இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதில் மெரியம்-வெப்ஸ்டர் அப்படித்தான் வரிசைப்படுத்தும். சொல் முதலில் எழுத்தில் வந்த காலத்தையும் கீழே கொடுக்கும். எல்லாவற்றிலும் விரிவானது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி. 1884இல் முதல் பகுதி வந்து, 1928இல்தான் முழுதாக முடிந்த வேலை. இன்றைய பதிப்புக்குச் சந்தா கட்ட வேண்டும். ஆனால் 'சி' எழுத்துக்கான பழைய தொகுதி 1893இல் வந்தது. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, ஸ்கேன் பிரதி இன்டர்நெட் ஆர்க்கைவில் இருக்கிறது. எழுத்து பொடிசு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்காருங்கள். அவசரத்துக்கு டக்ளஸ் ஹார்ப்பர் நடத்தும் எட்டிமான்லைன் என்ற சொல்பிறப்புத் தளம் போதும். விக்கிஷனரி பிற மொழி உறவுகளைப் பார்க்க வசதியானது, ஆனால் யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால் இன்னொரு இடத்தில் சரிபார்க்காமல் அதை மட்டும் நம்பாதீர்கள்.

அகராதியைத் திறந்ததும் பொருளைப் படிக்காதீர்கள், தலைச்சொல்லின் தோளில் இருக்கும் குட்டி எண்ணைப் பாருங்கள். சில அகராதிகள் பெயர்ச்சொல், வினைச்சொல் என்று பிரிக்கவும் எண் போடும், அதை விட்டுவிடுங்கள்; மற்றபடி ஒரே எழுத்துக்கூட்டு 1, 2, 3 என்று பல தலைச்சொற்களாகப் பிரிந்திருந்தால், ஒவ்வொன்றும் வேறு வேறு வழியில் ஆங்கிலத்துக்குள் வந்தது என்று அர்த்தம். ஒரே தலைச்சொல்லுக்குள் எண்கள் ஓடினால் ஒரே சொல் கிளைவிட்டது என்று அர்த்தம். செக் கிட்டத்தட்ட முழுக்க இரண்டாவது வகை. சில அகராதிகள் துணிக் கட்டத்தை மட்டும் தனி எண்ணில் வைக்கும். அதன் வழியைப் பிடித்துக்கொண்டு போனாலும் கடைசியில் அதே வீட்டு வாசலுக்குத்தான் போய்ச் சேருவீர்கள்.

பின்னால் நடப்பது

அடுத்தது சொல்பிறப்புப் பகுதி. பெரும்பாலும் பொருளுக்கு முன்போ, கடைசியிலோ இருக்கும். நோட்டில் ஒரு புதுப் பக்கத்தை எடுத்து, இன்றைய பொருளை மேலே எழுதி, கீழ்நோக்கி ஒவ்வொரு படியாக இறங்குங்கள். படிக்கு ஒரு மொழி, ஒரு காலம், ஒரு பொருள். மூன்றில் ஒன்று விடுபட்டாலும் படி ஆடும்.

செக்குக்கு இறங்கினால் 1300ஐ ஒட்டிய ஆங்கிலத்தில் கிடைப்பது சதுரங்க ஆட்டத்தின் 'செக்' மட்டும்தான். காசோலையும் கிடையாது, சரிபார்ப்பும் கிடையாது. அதற்குக் கீழே பழைய பிரெஞ்சில் 'எஷெக்'. அதற்கும் கீழே இடைக்கால லத்தீன், அரபு, கடைசியில் பாரசீகத்தின் 'ஷா'. ஷா என்றால் அரசன். ஈரான் மன்னர்களை ஷா என்று அழைத்தார்களே, அதே சொல். எதிராளியின் அரசனைக் குறிவைத்ததும் 'அரசே!' என்று எச்சரிப்பது ஆட்ட மரியாதை. அந்தக் கூவல்தான் ஊர் ஊராக உருமாறி செக் ஆனது. பழைய பாரசீகத்தில் இன்னும் ஒரு படி இறங்கினால் சமஸ்கிருதத்தின் 'க்ஷத்ர' என்பதோடு உறவு தெரியும். நம் பக்கத்து சத்திரியர் ஷாவுக்குத் தூரத்துப் பங்காளி. செக்போஸ்ட்டில் ஒரு ராஜா நிற்கிறார் என்று நினைத்துக்கொண்டால் அடுத்த முறை வண்டியை நிறுத்தும்போது கோபம் குறையலாம்.

செக்மேட் என்பது 'ஷா மாத்'. 'ராஜா செத்தார்' என்று பலர் விளக்குவார்கள். அரபியில் இறப்பைக் குறிக்கும் சொல் ஒலியில் ஒத்துப்போவதால் வந்த விளக்கம் அது. பாரசீகத்தில் 'மாத்' என்பதற்குச் செயலற்று, வழியற்று நிற்பது என்று பொருள். ஆட்ட விதியும் அதற்குத்தான் சாட்சி. சதுரங்கத்தில் ராஜாவை யாரும் வெட்டுவதில்லை, நகர முடியாமல் நிற்க வைப்பதோடு ஆட்டம் முடிகிறது. இரண்டு விளக்கம் மோதும்போது, அந்தப் பொருளை நேரில் பார்த்தால் எது பொருந்துகிறது என்று இப்படி யோசித்துப் பாருங்கள்.

இறங்கி வந்த படி சரிதானா என்று பார்க்க இன்னொரு வழி உண்டு: பக்கத்து மொழிகளைக் கேட்பது. ஜெர்மனில் 'ஷாக்' என்றால் செக், செஸ் இரண்டும். பிரெஞ்சில் 'எஷெக்' ஒருமையில் தோல்வி, பன்மையில் செஸ். செஸ் என்ற ஆங்கிலச் சொல்லும் அந்தப் பழைய பிரெஞ்சுப் பன்மையிலிருந்து வந்ததுதான். ஸ்பானியத்தில் அரசனைத் தாக்கும்போது சொல்வது 'ஹாகே'. நாலு வீட்டில் ஒரே கதையைச் சொன்னால் நம்பலாம். ஸ்பானியர்கள் ஆட்டத்துக்கு மட்டும் 'அஹெத்ரேஸ்' என்கிறார்கள். அது வேறு கொடி: சமஸ்கிருத சதுரங்க, பாரசீகத்தில் சத்ரங், அரபியில் ஷத்ரஞ். ஆனை, குதிரை, தேர், காலாள் என்ற நாலு படைப்பிரிவின் பெயர் அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆங்கிலேயர் ராஜாவின் பெயரால் ஆட்டத்தை அழைக்கிறார்கள், ஸ்பானியர் நம்மைப் போலப் படையின் பெயரால்.

இனி கீழிருந்து மேலே ஏறுங்கள். அரசனுக்கு செக் வந்தால், வேறு எந்தத் திட்டம் வைத்திருந்தாலும் அதை நிறுத்திவிட்டு அவரைக் காப்பாற்ற வேண்டும். ஆகவே 14ஆம் நூற்றாண்டிலேயே செக்குக்குத் 'திடீர்த் தடை' என்ற பொருள் வந்துவிட்டது. தடையிலிருந்து கட்டுப்பாடு. கட்டுப்பாட்டிலிருந்து, தப்பு நடக்காமல் பார்த்துக்கொள்வது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில், ஒரு கணக்கை இன்னொரு பதிவோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. நாம் ஓயாமல் சொல்லும் 'செக் பண்ணு' பிறந்த இடம் அதுதான். இந்த வரிசையை வைத்துப் பார்த்தால், என் நோட்டில் இருந்த வாக்கியங்களில் மூலத்துக்கு மிக நெருக்கமானது 'கூட்டணிக் கட்சிக்கு செக் வைத்தார்' என்ற தலைப்புதான். உதவி ஆசிரியர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.

கையில் என்ன பொருள் இருந்தது?

பலரும் இந்த இடத்தில் சோர்ந்துவிடுவார்கள். ராஜாவிலிருந்து தடைக்கு வந்தாயிற்று, பணத்துக்கு எப்படிப் போவது? இரண்டு பொருளுக்கு நடுவில் பாலம் தெரியவில்லை என்றால், மனிதர்கள் கையில் வைத்துப் புழங்கிய ஏதாவது ஒரு சாமானைத் தேடுங்கள். பெரும்பாலும் கிடைக்கும். செக் விஷயத்தில் அது ஒரு மேசையும் அதன் மேல் விரித்த துணியும்.

12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மன்னரின் வரவுசெலவைப் பார்த்த அலுவலகத்துக்கு எக்ஸ்செக்கர் என்று பெயர். பழைய பிரெஞ்சில் சதுரங்கப் பலகையைக் குறித்த 'எஷெக்கியே' என்ற சொல் அது. பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் கடைசியில் அந்த மேசையை விவரித்து எழுதி வைத்திருக்கிறார்: சுமார் 10 அடி நீளம், 5 அடி அகலம். வைத்தது உருண்டு விழாதபடி சுற்றிலும் நாலு விரல் உயரத்துக்கு விளிம்பு. மேலே கோடு போட்ட கறுப்புத் துணி. துணியின் பத்திகளில் பென்னிக்கு ஓர் இடம், ஷில்லிங்குக்கு ஓர் இடம், பவுண்டுக்கு ஓர் இடம். ரோமன் எண்களை வைத்துக்கொண்டு கூட்டல் கழித்தல் போடுவது எவ்வளவு பாடு என்று நினைத்துப் பாருங்கள். அதனால் வில்லைகளை நகர்த்தித்தான் கணக்குப் பார்த்தார்கள். ஒரு பக்கம் வரி வசூலித்து வந்த ஷெரிஃப், மறுபக்கம் பொருளாளர். சதுரங்கத்தில் இரண்டு ராஜாக்கள் மோதுவது போல இங்கே இவர்கள் இருவரும் மோதுகிறார்கள் என்று ஃபிட்ஸ்நீலே எழுதுகிறார். மாதக் கடைசியில் ஆடிட்டர் முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு அது புரியும். பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றைக்கும் சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்தான். முன்னால் இருக்கும் 'எக்ஸ்' பின்னால் வந்த ஒட்டு. பிரெஞ்சின் 'எஸ்' என்ற தொடக்கத்தை லத்தீன் முன்னொட்டு என்று நினைத்து யாரோ படித்தவர்கள் திருத்திவிட்டார்கள்.

அந்த மேசையில் கட்டிய பணத்துக்கு ரசீது என்ன தெரியுமா? ஒரு மரக்குச்சி. தொகைக்குத் தகுந்தபடி அதில் வெட்டு விழும்: ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கைப் பருமன், நூறுக்குக் கட்டைவிரல், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு முற்றிய பார்லி மணி அளவு. வெட்டிய பிறகு குச்சியை நீளவாக்கில் பிளந்து ஆளுக்குப் பாதி. பிறகு சந்தேகம் வந்தால் இரண்டையும் சேர்த்து வைத்தால் போதும், மரத்தின் ரேகையும் வெட்டும் பொருந்தாவிட்டால் மோசடி. இதன் பெயர் டேலி. சாயங்காலம் கேஷை மூடும்போது "டேலி ஆச்சா?" என்று கேட்காத வங்கிக் கிளை உண்டா? லத்தீனில் வெட்டிய குச்சிக்கு 'தாலியா' என்று பெயர். உடனே நம் தாலியோடு முடிச்சுப் போட்டுவிடாதீர்கள், அந்தப் பேச்சுக்குப் பிறகு வருகிறேன். 1826இல் இந்த முறையை நிறுத்தி, மிச்சமிருந்த குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று பிரபுக்கள் சபைக்குக் கீழே இருந்த அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். நெருப்பு மேலே ஏறி நாடாளுமன்றக் கட்டடமே எரிந்து போயிற்று. பழைய லெட்ஜரை அழிப்பதற்குக்கூட முறை இருக்கிறது என்று எங்கள் மேனேஜர் ஒருவர் சொல்வதுண்டு.

காகிதம் வந்த பிறகும் பழக்கம் மாறவில்லை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பணப் பத்திரத்தின் அடிக்கட்டைக்கு, அதாவது போலி வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளும் பகுதிக்கு, செக் என்று பெயர். தப்பைத் தடுப்பது என்ற பொருள்தான். பெயர் அடிக்கட்டையிலிருந்து மெல்ல மேல் தாளுக்குத் தாவி, பணம் கொடுக்கச் சொல்லும் ஆணைக்கே ஒட்டிக்கொண்டது. எக்ஸ்செக்கரின் சாயலில் அதற்கு க்யூ-யு-இ என்று வால் வைத்தார்கள். இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டில் அந்த எழுத்துக்கூட்டு நிலைத்தது. அமெரிக்கர்கள் இன்றுவரை சி-கே என்றே எழுதுகிறார்கள். நம் 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 6ஆம் பிரிவு வால் வைத்த எழுத்தைத்தான் வைத்திருக்கிறது. செக் பவுன்ஸ் ஆனவர்கள் பயப்படும் 138ஆம் பிரிவு 1988இல் சேர்த்தது.

துணிக் கதை சுருக்கம். சதுரங்கப் பலகை போன்ற கட்டம், அதனால் செக்கர், அதைச் சுருக்கி செக். 1400 வாக்கிலேயே வந்தாயிற்று. நம் கடைகளில் 'கட்டம் போட்டது' என்பார்கள், 'பாலும் பழமும் கட்டம்' என்று சேலைக்கே பெயருண்டு. மெட்ராஸ் செக் என்று உலகம் முழுக்கத் தெரிந்த துணி, சாயம் போவதையே பெருமையாகச் சொல்லி அமெரிக்காவில் விற்றது. போர்ச்சுகீசிய மொழியில் செக் சட்டைக்கு 'ஷத்ரேஸ்' சட்டை என்று பெயர். ஷத்ரஞ்சிலிருந்து வந்தது. கட்டத்தைப் பார்த்து ஆங்கிலேயர் ஷாவை நினைத்தார்கள், போர்ச்சுகீசியர் சதுரங்கத்தை நினைத்தார்கள்.

காது சொல்வதை நம்பாதீர்கள்

இப்போது தாலிக்கு வருகிறேன். வாட்ஸ்அப்பில் வாரத்துக்கொரு செய்தி வரும், இன்ன ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து போனது என்று. சில உண்மை. சுருட்டு 'செரூட்' ஆனதும் கட்டுமரம் 'கட்டமரான்' ஆனதும் எல்லா அகராதியிலும் இருக்கிறது. ஆனால் ஒலி ஒத்துப்போவது தேடலுக்குத் தொடக்கம், அவ்வளவுதான். மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் காலத்தில் முதலில் எழுத்தில் வருகிறது? எந்த மொழி வழியாக வந்தது? முதலில் வரும்போது என்ன பொருளில் வந்தது? எண்ணெய்ச் செக்குக்கும் வங்கி செக்குக்கும் இந்தக் கேள்விகளைப் போட்டால் முதல் கேள்வியிலேயே விழுந்துவிடும். டேலியும் தாலியும் அப்படித்தான்.

இதற்கு நல்ல பயிற்சி கேஷ். 'கேஷ் என்பது நம் காசு' என்று பலர் அடித்துச் சொல்வார்கள். குட்டி எண்ணைப் பாருங்கள்: கேஷ் 1, கேஷ் 2. முதல் கேஷ், 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரெஞ்சின் 'கேஸ்' அல்லது இத்தாலியின் 'காஸா' வழியாக வந்தது. மூலம் லத்தீன் 'காப்ஸா', அதாவது பெட்டி. ஆங்கிலத்திலும் முதலில் பணப்பெட்டிக்கே அந்தப் பெயர், பிறகுதான் உள்ளே இருந்த பணத்துக்கு. கேஷியர் என்றால் பெட்டிக்காரர். ரொக்கம் என்று நாம் சொல்லும் கேஷ் இதுதான்.

இரண்டாவது கேஷ் நம் காசேதான். போர்ச்சுகீசியர் காதில் அது 'காய்ஷா' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய், தென்னிந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சின்ன நாணயத்துக்குப் பெயரானது. மெட்ராஸில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். 1818இல் ரூபாய் வரும்வரை கும்பெனிக் கணக்கு இப்படித்தான் ஓடியது. போர்ச்சுகீசியத்தில் பெட்டிக்கும் 'காய்ஷா' என்றே பெயர் என்பதால், இரண்டு கேஷும் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டன. ஆக, 'காசிலிருந்து கேஷ்' என்பவர் சொல்வது இரண்டாவது எண்ணுக்கு முழு உண்மை, முதல் எண்ணுக்குப் பொருந்தாது.

இந்த மாதிரி நம் ஊர்ச் சொற்களுக்கு 1886இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியைத் தேடுங்கள். அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின் அகராதித் தளத்தில் அதுவும் நம் தமிழ் லெக்சிகனும் இலவசமாக இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்வது என் வழக்கம்.

கடைசியாக, எந்த நாட்டில் எந்தப் பொருள் என்பதையும் நோட்டில் ஓர் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உணவகத்தில் 'செக்' கேட்டால் பில் வரும், காசோலை வராது. நாம் டிக் அடிப்பதை அவர்கள் செக் என்பார்கள்; கம்ப்யூட்டரில் நாம் டிக் செய்யும் கட்டத்துக்கு செக்-பாக்ஸ் என்று பெயர் வந்தது அதனால்தான்.

அடுத்து எடுக்க நல்ல சொல் 'சவுண்ட்'. சத்தம், நல்ல ஆரோக்கியம், கடல் நீர்ச்சந்து, ஆழம் பார்ப்பது என்று நாலு தலைச்சொல்; செக்குக்கு நேர் எதிராக, நாலும் வேறு வேறு வழியில் வந்து ஒரே எழுத்துக்கூட்டில் உட்கார்ந்திருக்கின்றன. சத்தம் லத்தீனிலிருந்து, ஆரோக்கியம் பழைய ஆங்கிலத்திலிருந்து என்ற அளவுக்குச் சொல்லிவிட்டேன், மிச்சம் இரண்டை நீங்கள் இறங்கிப் பாருங்கள். அது பழகியதும் 'பேங்க்'. ஆற்றங்கரைக்கு ஓர் எண், பணம் போடும் இடத்துக்கு ஓர் எண் என்று தனித்தனியாக இருக்கும். எண்ணைப் பார்த்ததும் நின்றுவிடாமல் இரண்டிலும் கடைசிப் படிவரை இறங்குங்கள். இரண்டில் ஒன்று இத்தாலியில் காசு மாற்றுபவர்களின் பலகை வரை போய்த் திரும்பியிருக்கும்.